ஸ்டென்ட் வச்ச இடம் மறுபடி சுருங்கிடுச்சான்னு ஆஞ்சியோ பண்ணாம தெரிஞ்சுக்க முடியுமா?

இதய ரத்தக்குழாய் அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணி, அதாவது பலூனால விரிச்சு, ஸ்டென்ட்ங்கிற வலைக்குழாய் வச்சவங்க கிட்டயும் சரி, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேற குழாயைத் தைச்சு பைபாஸ் ஆனவங்க கிட்டயும் சரி, கொஞ்ச நேரம் பேசினாலே ஒரு கேள்வி வந்துடும், "உள்ள வச்சது இப்ப நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" எங்க அண்ணனுக்கு ஸ்டென்ட் வச்ச அன்னிலேர்ந்து வீட்டுல இதே பேச்சுதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஈசிஜி எடுத்துட்டு வந்து "நார்மல்னு போட்டிருக்கு, பிளாக் எதுவும் இல்ல"ன்னு நிம்மதியா சொல்லுவாரு. ஏழாவது மாசம் படி ஏறும்போது பழையபடி நெஞ்சு இறுக்க ஆரம்பிச்சுது, அன்னிக்கு எடுத்த ஈசிஜியும் நார்மல், எக்கோவும் நார்மல், ஆனா கடைசியில ஆஞ்சியோ பண்ணி, அதாவது உள்ள மெல்லிய குழாய் விட்டு சாயம் ஏத்தி எக்ஸ்ரேல, பார்த்தப்போ ஸ்டென்ட்டுக்குள்ள பாதிக்கு மேல சதை வளர்ந்திருந்தது. அந்த நார்மலுக்கு அப்ப என்னதான் அர்த்தம்னு தேடித் தேடிப் படிச்சேன். புரிஞ்சதை இங்க எழுதறேன், ஏன்னா இந்த டெஸ்ட்டுகள்ல ஒவ்வொண்ணும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லுது, நாமதான் எல்லாத்தையும் "பிளாக் இருக்கா இல்லையா"ங்கிற ஒரே கேள்விக்கான பதிலா எடுத்துக்கிட்டு ஏமாந்து போறோம்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். 1977 செப்டம்பர் 16ஆம் தேதி சூரிச்ல ஆண்ட்ரியாஸ் கிருன்ட்சிக்ங்கிற டாக்டர்தான் முதல் தடவையா விழிச்சிருக்கிற ஒருத்தரோட இதய ரத்தக்குழாய்க்குள்ள சின்ன பலூனைக் கொண்டு போய் ஊதி அடைப்பை விரிச்சாரு. அந்த முதல் நோயாளிக்கு விரிச்ச இடம் பல வருஷம் திறந்தே இருந்தது. ஆனா அப்புறம் பலூன் பண்ணிக்கிட்டவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு, சில ஆய்வுகள்ல அதுக்கும் மேல, ஆறு மாசத்துக்குள்ளயே அதே இடம் திரும்ப சுருங்கிடுச்சு. காரணம் ரெண்டு. ஒண்ணு, ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி, விரிச்சா திரும்ப பழைய அளவுக்கு வரப் பார்க்கும். ரெண்டாவது, பலூன் ஊதும்போது குழாயோட உள்சுவர் கிழியுது, உடம்பு அதைக் காயமாத்தான் பார்க்குது, காயம் ஆற சதை வளர்க்குது, சுவர்ல இருக்கிற தசை செல்கள் பெருகி உள்பக்கமா நகர்ந்து வந்து குழாயை அடைக்குது. தோல்ல வெட்டுக்காயம் ஆறும்போது தழும்பு தடிச்சு நிக்குதே, அதேதான், ஆனா மூணு மில்லிமீட்டர் குழாய்க்குள்ள.

1986ல பிரான்ஸ்ல ழாக் புவெலும் சுவிட்சர்லாந்துல உல்ரிக் சிக்வார்ட்டும் உலோக வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், மனுஷங்களுக்கு வைக்க ஆரம்பிச்சாங்க. வலை உள்ள நிக்கிறதால குழாய் திரும்ப சுருங்கி வர்றது நின்னுது, ஆனா சதை வளர்றது நிக்கல, வலைக் கண்ணிகள் வழியா உள்ள வந்துச்சு. 1994ல வந்த பெனஸ்டென்ட் ஆய்வுல பலூன் மட்டும் பண்ணவங்கள்ல 32 சதவீதம் பேருக்கும் ஸ்டென்ட் வச்சவங்கள்ல 22 சதவீதம் பேருக்கும் மறுசுருக்கம் வந்திருந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் அஞ்சு பேர்ல ஒருத்தர்ங்கிறது சின்ன எண் இல்ல. 2000க்கு அப்புறம் மருந்து பூசின ஸ்டென்ட் வந்துச்சு, சதை வளர்ச்சியை அடக்குற மருந்தை வலை மேல பூசி அது வாரக்கணக்குல மெல்ல கசியற மாதிரி செஞ்சாங்க. முதல்ல பயன்பட்ட மருந்துகள்ல ஒண்ணான சிரோலிமஸ், பசிபிக் கடல் நடுவுல இருக்கிற ஈஸ்டர் தீவு மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்லேர்ந்து கிடைச்சது, நினைச்சுப் பார்த்தாலே ஆச்சரியமா இருக்கும். இப்ப இருக்கிற புது ஸ்டென்ட்டுகள்ல மறுசுருக்கம் பத்துல ஒருத்தருக்கும் குறைவாத்தான் வருது. ஆனா சுகர் இருக்கிறவங்க, கிட்னி பாதிச்சவங்க, குழாய் ரொம்ப மெல்லிசா இருக்கிறவங்க, நீளமான ஸ்டென்ட், குழாய் ரெண்டா பிரியற இடத்துல வச்ச ஸ்டென்ட், வைக்கும்போதே முழுசா விரியாம போன ஸ்டென்ட், இவங்களுக்கெல்லாம் அந்த எண் கூடும்.

காலக்கணக்கும் முக்கியம். மருந்து பூசாத பழைய ஸ்டென்ட்ல சதை வளர்ச்சி பெரும்பாலும் மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு அப்படியே நின்னுடும். மருந்து ஸ்டென்ட்ல இது தள்ளிப்போய் மெதுவா நடக்குது, அதோட சில வருஷம் கழிச்சு ஸ்டென்ட்டுக்குள்ள வளர்ந்த அந்தப் புது சதையிலயே கொழுப்பு படிஞ்சு புதுசா ஒரு பிளாக் உருவாகறதும் உண்டு. அதனால "ஒரு வருஷம் தாண்டிட்டோம், இனி கவலை இல்ல"ன்னு சொல்றது பாதிதான் சரி. பைபாஸ்ல கதை வேற. காலுலேர்ந்து எடுத்து தைக்கிற சிரை, தமனியோட அழுத்தத்துக்குப் பழகாத குழாய், அதனால பத்து வருஷத்துல ஏறக்குறைய பாதி அடைச்சிடுது இல்லன்னா மோசமா சுருங்கிடுது. நெஞ்சுச் சுவருக்கு உள்பக்கம் ஓடற தமனியை எடுத்து இணைச்சிருந்தா, பத்து வருஷம் கழிச்சும் பத்துல ஒம்பது பேருக்கு அது திறந்தே இருக்கு. பைபாஸ் ஆனவங்க தங்களுக்கு எத்தனை சிரை, எத்தனை தமனின்னு கண்டிப்பா தெரிஞ்சு வச்சிருக்கணும்.

இங்கயே இன்னொண்ணும் சொல்லிடறேன், இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. சதை வளர்ந்து மெதுவா சுருங்கறது வேற, ஸ்டென்ட்டுக்குள்ள திடீர்னு ரத்தம் உறைஞ்சு அடைக்கிறது வேற. ரெண்டாவது நிமிஷக் கணக்குல நடந்து ஹார்ட் அட்டாக்கா வந்து நிக்கும், அது வரப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாது. நேத்து ட்ரெட்மில் சூப்பரா ஓடினவருக்கு இன்னிக்கு அது நடக்கலாம். அதுலேர்ந்து காப்பாத்தறது ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரைங்கதான், டாக்டர் சொன்ன காலம் முடியறதுக்கு முன்னாடி அதை நிறுத்தறதை விட பெரிய தப்பு ஸ்டென்ட் வச்சவங்க செய்யவே முடியாது.

சரி, ஈசிஜி எக்கோ ரெண்டும் ஏன் நார்மலா வருது? இதுக்குப் பதில் ரத்தக்குழாயோட ஒரு குணத்துல இருக்கு. இதயத் தசை சும்மா இருக்கும்போது அதுக்கு வேண்டிய ரத்தம் கொஞ்சம்தான், வேகமா ஓடும்போது அதைப் போல மூணு நாலு மடங்கு வேணும். பெரிய குழாய்ல ஒரு இடம் சுருங்கினா அதுக்குக் கீழ இருக்கிற சின்னச் சின்ன குழாய்கள் தானா விரிஞ்சு குடுத்து ரத்தத்தை இழுத்துக்கும். 1974ல லான்ஸ் கோல்டுங்கிற அமெரிக்க டாக்டர் நாய்கள்ல பண்ணின ஆய்வுல காட்டினது இதைத்தான்: குழாயோட குறுக்களவு பாதியா குறைஞ்சப்பவே உச்சக்கட்ட ஓட்டம் அடிவாங்க ஆரம்பிச்சுது, ஆனா ஓய்வுல இருக்கும்போது போற ஓட்டம் குறையணும்னா சுருக்கம் 85 சதவீதத்துக்கு மேல போகணும். அதாவது 70 சதவீதம் அடைச்ச ஒருத்தர் படுத்துக்கிட்டு ஈசிஜி எடுத்தா, அந்த நேரத்துல அவரோட தசைக்கு ரத்தம் குறையவே இல்ல, ஈசிஜி பொய் சொல்லல, எந்தக் குறையும் இல்லாத நேரத்துல கேட்டதுக்கு எந்தக் குறையும் இல்லன்னு சொல்லுது, அவ்வளவுதான். எக்கோவும் அப்படித்தான், பழைய அட்டாக்ல செத்துப்போன தசையைக் காட்டும், இதயம் எவ்வளவு வலுவா அமுக்குதுன்னு சொல்லும், ஸ்டென்ட்டுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லாது. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தசை சேதமானா மட்டும்தான் ஏறும்.

அதனால இதயத்தை வேலை வாங்கிட்டுப் பார்க்கணும். வேலை வாங்கும்போது ரத்தம் பத்தலைன்னா உள்ள ஒரு வரிசையில மாற்றங்கள் நடக்குது, இந்த வரிசை புரிஞ்சா எந்த டெஸ்ட் ஏன் நல்லதுங்கிறது பாதி புரிஞ்ச மாதிரி. முதல்ல அந்தப் பகுதிக்குப் போற ரத்தம் மத்த பகுதியை விட குறையுது. அடுத்தது அங்க இருக்கிற தசை தளர்ந்து விரியறதுல சிரமப்படுது, அப்புறம் சுருங்கறதும் குறையுது. அதுக்கப்புறம்தான் ஈசிஜில கோடு மாறுது. எல்லாத்துக்கும் கடைசியா, அதுவும் எல்லாருக்கும் இல்ல, நெஞ்சு வலி. ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டெஸ்ட்டுகள் இந்த வரிசையோட தொடக்கத்துல நிக்குது, தசை அசைவைப் பார்க்கிற எக்கோ நடுவுல, ட்ரெட்மில் ஈசிஜி கிட்டத்தட்ட கடைசியில.

ட்ரெட்மில்லைத்தான், டிஎம்டின்னு சொல்றாங்களே, எல்லாரும் முதல்ல பண்ணிக்கிறாங்க. வழக்கமான புரூஸ் முறைப்படி மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் மேட்டுச் சாய்வும் கூடிக்கிட்டே போகும், ஆரம்பமே 10 சதவீத ஏத்தத்துல மணிக்கு 2.7 கிலோமீட்டர். 220லேர்ந்து வயசைக் கழிச்சு வர்ற நாடித்துடிப்புல 85 சதவீதமாவது தொடணும், அதுக்கு முன்னாடியே கால் வலிச்சு நின்னுட்டா "நார்மல்"னு சொல்ல முடியாது, முடிவு சொல்ல முடியாத டெஸ்ட்னுதான் எழுதணும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நாடி ஏறவே ஏறாது, அதை முன்னாடி நாள் நிறுத்தணுமா வேண்டாமான்னு டாக்டர் கிட்ட கேட்கணும், நாமளா நிறுத்தக்கூடாது. ஈசிஜில குறிப்பிட்ட ஒரு பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ தட்டையாவோ சரிஞ்சோ இறங்கினா பாசிட்டிவ். ஆனா மறுசுருக்கத்தைக் கண்டுபிடிக்கிறதுல இது பலவீனமான டெஸ்ட், பலூன் காலத்து ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தப்போ சுருக்கம் இருந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரை ட்ரெட்மில் விட்டுடுச்சு. காரணம் புரியுது, ஒரே ஒரு குழாய்ல ஒரே ஒரு இடம் சுருங்கியிருந்தா பாதிக்கப்படற தசையோட அளவு சின்னது, தோல் மேல ஒட்டின மின்முனைகளுக்கு அது எட்டறதில்ல. இன்னொரு குறை, பாசிட்டிவா வந்தாலும் எந்தக் குழாய்னு சொல்லத் தெரியாது, ஸ்டென்ட் வச்ச இடமா இல்ல வேற எங்கயோ புதுசா வந்த பிளாக்கான்னு ஈசிஜி கோடு பிரிச்சுக் காட்டாது. ஏற்கனவே ஈசிஜி மாறி இருக்கிறவங்களுக்கு, இடது பக்க பண்டில் பிளாக் (இது ரத்தக்குழாய் அடைப்பு இல்ல, இதயத்துக்குள்ள மின்சாரம் போற பாதையில வர்ற தடை), பேஸ்மேக்கர், தடிச்ச இதயம் இதெல்லாம் இருந்தா, இது உதவவே உதவாது. அதுக்காக தூக்கிப் போட வேண்டிய டெஸ்ட்னு நான் சொல்லல. ஒருத்தர் எத்தனை நிமிஷம் ஓட முடிஞ்சுது, ஓடும்போது அவருக்குப் பழைய வலி வந்துச்சா, ரத்த அழுத்தம் ஏறாம இறங்குச்சாங்கிறது ஈசிஜி கோட்டை விட பெரிய தகவல். பத்து நிமிஷம் மூச்சு வாங்காம ஓடினவரோட வருங்காலம் பொதுவா நல்லா இருக்கும், ஸ்டென்ட்டுக்குள்ள என்ன இருந்தாலும்.

அடுத்தது நியூக்ளியர் ஸ்கேன், தேலியம் ஸ்கேன்னு பழைய பேர், இப்ப பெரும்பாலும் ஆறு மணி நேர அரை ஆயுள் உள்ள டெக்னீஷியம் கலந்த மருந்தைத்தான் ஊசி போடறாங்க. மருந்து ரத்தத்தோட போய் தசையில ஒட்டிக்கும், ரத்தம் நல்லா போற இடம் பளிச்சுனு தெரியும், குறைவா போற இடம் மங்கலா. ஓய்வுல ஒரு படம், ஓடினப்புறம் ஒரு படம். ரெண்டுலயும் மங்கலா இருந்தா அது பழைய தழும்பு, ஓய்வுல நல்லா இருந்து ஓடினப்புறம் மட்டும் மங்கினா அங்க உயிரோட இருக்கிற தசைக்கு ரத்தம் பத்தலைன்னு அர்த்தம். எந்தச் சுவர் மங்குதுன்னு தெரியறதால எந்தக் குழாய்னு சொல்லிடலாம், ஸ்டென்ட் முன்பக்கக் குழாய்ல இருக்கு, மங்கினது கீழ்ச்சுவர்னா பிரச்சனை ஸ்டென்ட்ல இல்லாம இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுசுருக்கத்தைப் பிடிக்கிறதுல இது ட்ரெட்மில்லை விட ரொம்பவே தேவலை. ஓட முடியாதவங்களுக்கு அடினோசின் இல்ல ரெகாடினோசன்னு ஒரு ஊசி போட்டு குழாய்களை விரிய வைப்பாங்க, அதுக்கு முன்னாடி காபி, டீ, கோலா எதுவும் குடிக்கக் கூடாதுன்னு சொல்வாங்களே, அது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்ல, காஃபீன் அந்த மருந்து போய் உட்கார வேண்டிய இடத்துல முன்னாடியே உட்கார்ந்துக்கும், குழாய் விரியாது, ஸ்கேன் தப்பா நார்மல்னு வந்துடும்.

இந்த ஸ்கேனோட கண்ணுக்கும் தப்பிப்போற ஒண்ணு உண்டு. இது பகுதிக்குப் பகுதி ஒப்பிட்டுத்தான் சொல்லுது. மூணு குழாயும் சமமா சுருங்கியிருந்தா எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கும், ஒப்பிட ஆரோக்கியமான பகுதியே இல்லாததால படம் நார்மல் மாதிரியே தெரியும். இதுக்கு விடையா வந்தது பெட் ஸ்கேன், 76 வினாடி மட்டுமே அரை ஆயுள் உள்ள ருபிடியம் மாதிரி மருந்தை வச்சு ஒரு கிராம் தசைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகுதுன்னு நேரடியா எண்ணாவே குடுத்துடும். எல்லா இடத்துலயும் கிடைக்காது, அதுதான் குறை.

ஸ்ட்ரெஸ் எக்கோ எனக்குத் தனிப்பட்ட முறையில பிடிச்ச டெஸ்ட், ஏன்னா கதிர்வீச்சே கிடையாது, சாயம் கிடையாது. ஓடவிட்டோ டோபுடமின் மருந்தை ஏத்தியோ இதயத்தை வேகமா துடிக்க வச்சு, எந்தச் சுவர் சரியா உள்ள மடங்கலைன்னு எக்கோல பார்க்கிறாங்க. பாசிட்டிவ்னு சொன்னா பெரும்பாலும் உண்மையாவே இருக்கும், ஆனா சின்ன சுருக்கங்களை விட்டுடும், பார்க்கிறவரோட கண்ணும் அனுபவமும் ரொம்ப முக்கியம்.

எம்ஆர்ஐ பத்தி ஒரு பயத்தைப் போக்கணும். "ஸ்டென்ட் இருக்கு, காந்தம் இழுத்துடும், எம்ஆர்ஐ பக்கமே போகக்கூடாது"ன்னு இன்னமும் சொல்றாங்க. இதயக் குழாய்ல வைக்கிற ஸ்டென்ட்டுகள் காந்தத்தால இழுக்கப்படற வகை உலோகம் இல்ல, அதனால எம்ஆர்ஐ எடுக்கலாம், ஸ்டென்ட் கார்டைக் காட்டினா போதும், வச்ச கொஞ்ச நாள்லயே கூட எடுக்கிறாங்க. ஸ்டென்ட் இருக்கிற இடத்துல படம் கறுப்பா ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும், அதனால குழாயோட உள்பக்கம் எம்ஆர்ஐல தெரியாது, ஆனா அந்தக் குழாய் ஊட்டற தசைக்கு ரத்தம் எப்படிப் போகுது, எவ்வளவு தழும்பு இருக்குங்கிறதை ரொம்பத் துல்லியமா காட்டும். பேஸ்மேக்கர் இருக்கிறவங்களும் கிட்னி ரொம்ப மோசமா இருக்கிறவங்களும் மட்டும் தனியா கேட்டுக்கணும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் தசைக்கு ரத்தம் பத்துதான்னு கேட்கிற டெஸ்ட்டுகள். குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு நேரா பார்க்கிறது சிடி ஆஞ்சியோ, கையில ஊசி வழியா சாயம் ஏத்தி வெளியிலேர்ந்தே படம் எடுக்கிறது. "சிடி எடுத்தா எல்லாம் தெரிஞ்சுடுமே"ன்னு நினைக்கத் தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. சிக்கல் உலோகத்துல இருக்கு. சிடி படத்துல உலோகம் தன் உண்மையான தடிமனை விட பெருசா பூத்துத் தெரியும், இருட்டுல விளக்கைப் பார்த்தா சுத்தி ஒளிவட்டம் தெரியறது போல. ஸ்டென்ட் கம்பி நிஜத்துல மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான், ஆனா படத்துல ரெண்டு பக்கமும் பூத்து உள்பக்கத்தை மறைச்சிடும், மூணு மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் அகலமான ஸ்டென்ட்னா நடுவுல பார்க்க இடம் மிஞ்சும், ரெண்டரை மில்லிமீட்டர்னா ஒண்ணும் மிஞ்சாது, இல்லாத சுருக்கம் இருக்கிற மாதிரியும் தெரியலாம், இருக்கிறது தெரியாமலும் போகலாம். அதனாலதான் இடது பெரிய தண்டுக் குழாய்ல வச்ச அகலமான ஸ்டென்ட்டுக்கு சிடி நல்ல தேர்வு, நுனிப் பக்கம் மெல்லிய குழாய்ல வச்சதுக்கு இல்ல. நாடித்துடிப்பும் நிமிஷத்துக்கு 60, 65க்குக் கீழ இருந்தாத்தான் படம் கலங்காம வரும்.

பைபாஸ்ல சிடி பிரமாதம். சிரைக் குழாய் அகலமானது, இதயத்தோட சேர்ந்து அதிகம் ஆடாது, உள்ள உலோகம் இல்ல, திறந்திருக்கா அடைச்சிருக்கான்னு நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு தடவைக்கு மேல சரியா சொல்லிடுது. ஆனா பைபாஸ் ஆனவங்களோட சொந்தக் குழாய்ல சுண்ணாம்பு ஏகத்துக்குப் படிஞ்சிருக்கும், அங்க மட்டும் படம் தடுமாறும். 2021ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச ஃபோட்டான் கவுண்டிங் சிடிங்கிற புது வகை மெஷின் இந்தப் பூத்துப்போற பிரச்சனையை நிறையவே குறைச்சிருக்கு, இன்னும் பரவலா வரல. அப்புறம், கால்சியம் ஸ்கோர்னு ஒரு டெஸ்ட் இருக்கே, அது ஸ்டென்ட் வச்சவங்களுக்கோ பைபாஸ் ஆனவங்களுக்கோ ஒரு புதுத் தகவலும் தராது, யாராவது பேக்கேஜ்ல சேர்த்து எடுக்கச் சொன்னா ஏன்னு கேளுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு தொந்தரவும் இல்லாதவங்க வருஷா வருஷம் இதையெல்லாம் பண்ணிக்கணுமா? கேட்கும்போது பண்ணிக்கிறதுதானே நல்லதுன்னு தோணும். தென்கொரியாவுல 11 மருத்துவமனைகள்ல நடந்து 2022ல வெளியான போஸ்ட் பிசிஐங்கிற ஆய்வுல இதைத்தான் சோதிச்சாங்க. ஸ்டென்ட் வச்ச 1,706 பேர், எல்லாருமே ஆபத்து அதிகம் உள்ளவங்க, இடது தண்டுல ஸ்டென்ட், குழாய் பிரியற இடம், சுகர், இப்படி. பாதிப் பேருக்கு ஒரு வருஷம் ஆனதும் தொந்தரவு இருக்கோ இல்லையோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட், மீதிப் பேருக்கு தொந்தரவு வந்தா மட்டும். ரெண்டு வருஷ முடிவுல சாவு, ஹார்ட் அட்டாக், நெஞ்சு வலியோட அட்மிட் ஆகறது, மூணையும் சேர்த்து டெஸ்ட் பண்ணவங்கள்ல 5.5 சதவீதம், பண்ணாதவங்கள்ல 6.0 சதவீதம், வித்தியாசம்னு சொல்ல எதுவும் இல்ல. ஆனா டெஸ்ட் பண்ணவங்கள்ல ஆஞ்சியோவுக்குப் போனவங்க அதிகம், திரும்ப ஸ்டென்ட் வச்சவங்களும் அதிகம். அமெரிக்க இதய அமைப்புகள் 2023ல குடுத்த வழிகாட்டுதலும் நோயாளியோட நிலையில மாற்றம் எதுவும் இல்லாம காலக்கெடு வச்சு டெஸ்ட் பண்றதுல பலன் இல்லன்னே சொல்லுது.

இது எப்படிங்கிறதை ஒரு கணக்கு போட்டா புரியும். சுருக்கம் இருக்கிற நூறு பேர்ல 85 பேரைப் பிடிக்கிற, இல்லாத நூறு பேர்ல 80 பேரை சரியா நார்மல்னு சொல்ற ஒரு டெஸ்ட்னு வச்சுப்போம், நல்ல டெஸ்ட்தான். தொந்தரவே இல்லாத நூறு பேரை எடுத்தா அதுல நிஜமா சுருக்கம் இருக்கிறவங்க அஞ்சு பேர்னு வைங்க, அதுல நாலு பேரை டெஸ்ட் பிடிக்கும், மீதி 95 பேர்ல 19 பேருக்கு தப்பா பாசிட்டிவ் சொல்லும். ஆக, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற 23 பேர்ல 19 பேருக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா அவங்க எல்லாரும் ஆஞ்சியோவுக்குப் போவாங்க. அதே டெஸ்ட்டை, நடந்தா பழைய வலி வருதுன்னு சொல்ற நூறு பேருக்குப் பண்ணினா, அதுல பாதிப் பேருக்கு சுருக்கம் இருக்கும்னு வச்சா, 42 பேரை நிஜமா பிடிக்கும், தப்பா சொல்றது பத்து பேரைத்தான். மெஷின் அதேதான், யாருக்குப் பண்றோங்கிறதுலதான் எல்லாமே மாறுது. அதோட ஆஞ்சியோ படத்துல சுருக்கம்னு ஒண்ணு தெரிஞ்சுட்டா அது தசையைப் பாதிக்குதோ இல்லையோ அதை விரிச்சுடணும்னு டாக்டருக்கும் தோணும், நோயாளிக்கும் தோணும், அந்த உந்துதல்லேர்ந்து தப்பிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

ஸ்டென்ட் வச்ச முதல் சில வாரத்துல ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பண்றதும் பெரும்பாலும் குழப்பத்துலதான் முடியும், சின்னக் குழாய்கள் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்காது, பெரிய குழாய் நல்லா திறந்திருந்தாலும் டெஸ்ட் பாசிட்டிவா வரலாம்.

எல்லாருக்கும் ஒரே விதி இல்ல. இடது தண்டுல ஸ்டென்ட் இருக்கிறவங்க, வைக்கும்போதே சரியா அமையலைன்னு டாக்டர் சந்தேகப்படறவங்க, பலரோட உயிரைக் கையில வச்சு வண்டியோ விமானமோ ஓட்டறவங்க, முன்னாடி வலியே இல்லாம பிளாக் வந்தவங்க, இவங்களுக்கு டாக்டர் டெஸ்ட் சொன்னா அதுக்குக் காரணம் இருக்கும். சுகர் இருக்கிறவங்கள்ல நரம்பு பாதிச்சு வலி தெரியாமலே போகறது உண்டு, அவங்க வலிக்காகக் காத்திருக்காம நேத்து வரைக்கும் ஏறின படியை இன்னிக்கு ஏற முடியலையே, மூச்சு வாங்குதே, காரணமே இல்லாம அசதியா இருக்கேன்னு கவனிக்கணும். மறுசுருக்கத்தோட வலி பெரும்பாலும் முதல் தடவை வந்த வலியைப் போலவே இருக்கும், அதனால "அன்னிக்கு வந்த மாதிரியே இருக்கா"ங்கிற கேள்விக்கு நோயாளி சொல்ற பதிலை எந்த ஸ்கேனுக்கும் குறைவா எடை போடக்கூடாது.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்லணும். இந்த டெஸ்ட்டுகள் எல்லாமே உடம்பு நிலை சீரா இருக்கிறவங்களுக்குத்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வருது, வலி நாளுக்கு நாள் கூடுது, வேர்த்துக் கொட்டுது, பத்து நிமிஷம் ஆகியும் விடலன்னா ட்ரெட்மில் அப்பாயின்ட்மென்ட் எடுக்கிற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. மறுசுருக்கம் எப்பவுமே சாதுவா மெதுவாத்தான் வரும்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தாங்க, நிஜத்துல கணிசமான பேருக்கு அது திடீர் நெஞ்சு வலியாவோ அட்டாக்காவோதான் வெளிய வருது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஸ்டென்ட் கார்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆஞ்சியோ படம் பதிஞ்ச டிஸ்க்கும் கையில இருக்கணும். எந்தக் குழாய், எத்தனை மில்லிமீட்டர் அகலம், எவ்வளவு நீளம், மத்த குழாய்கள்ல அப்பவே எவ்வளவு பிளாக் விட்டு வச்சாங்க, இந்த நாலு தகவல் இல்லாம எந்த டெஸ்ட் சரிப்படும்னு யாராலயும் சரியா சொல்ல முடியாது. எங்க அண்ணன் கார்டை எங்கயோ வச்சுட்டு ரெண்டு நாள் தேடினோம். கிடைச்சப்புறம் டாக்டர் அதுல இருந்த 2.5ங்கிற எண்ணைப் பார்த்துட்டு சிடி வேண்டாம்னு சொல்லி நியூக்ளியர் ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தாரு, முன்சுவர் முழுக்க மங்கியிருந்தது, ஸ்டென்ட் இருந்ததும் முன்பக்கக் குழாய்லதான். ஆஞ்சியோ அதுக்கப்புறம்தான்.